நுகர்வோர் உள்ளே இருக்கிறார்

"செத்தவுங்களுக்கு வேர்க்குமாப்பா?" என்று ஷெரின் ஒருமுறை கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவள் அப்பா ஜோஸ், வாசலில் தன் பிரீசர் பாக்ஸைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். இறந்தவர்களைக் கிடத்திவைக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி. துக்க வீடுகளுக்கு அதை வாடகைக்கு விடுவதுதான் அவன் பிழைப்பு.

"வேர்க்காதுடா."

"அப்பறம் எதுக்கு ஏசி?"

ஜோஸ் கொஞ்சம் யோசித்தான். "தூரத்துல இருந்து பாக்க வாரவுங்களுக்காக" என்றான்.

குழந்தை அந்தப் பதிலில் திருப்தியடைந்து விளையாடப் போய்விட்டது. சில வருடங்கள் கழித்து இதே பதிலை அவன் அரசாங்கத்திடம் சொன்னான். அரசாங்கம் அவ்வளவு சுலபமாகத் திருப்தியடையவில்லை.

ஜோஸ் ஆவூர்ப் பக்கத்துக்காரன். பெட்டியை ஏற்றிக்கொண்டு போக ஒரு குட்டியானை வண்டி வைத்திருந்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் வந்து முகம் பார்க்காமல் இங்கே யாரையும் எடுப்பதில்லை. லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, திருச்சியில் இறங்கி வருவதற்கு இரண்டு மூன்று நாளாகும். அதுவரைக்கும் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். கிறிஸ்தவர் வீடென்றாலும் மற்றவர் வீடென்றாலும் ஜோஸ் பெட்டியை இறக்கி வைத்து, பிளக்கைச் செருகி, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்துவிடுவான். சத்தமில்லாத தொழில். கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் மட்டும், "வண்டிய ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வாங்க ஜோஸு" என்பார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது.

கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டு, கண்ணுக்குத் தெரியாத காசை உண்டாக்குகிறார்கள்; அதற்குக் கிரிப்டோ என்று பெயர்; அந்தக் காசு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது குடிக்கிற கரண்டு மட்டும் மீட்டரில் நன்றாகத் தெரிகிறது; ஆகவே அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றது ஆணை. நியாயமான ஆணைதான். அதை நிறைவேற்ற மாவட்டத் தலைநகரில் 'கணினி நாணய உற்பத்தி மின்நுகர்வுத் தடுப்புச் சிறப்புப் பிரிவு' என்று ஒன்று தொடங்கினார்கள். பெயர்ப் பலகை வாசலைவிட நீளமாக இருந்ததால் பக்கத்துக் கடைக்காரரிடம் கொஞ்சம் சுவர் கேட்டு வாங்கினார்கள். ரகுநாத் என்பவர் சிறப்பு அலுவலராக வந்து சேர்ந்தார்.

ஆறு மாதமாகியும் ஒரு கிரிப்டோக்காரனும் அகப்படவில்லை. குற்றமே நடக்காத ஊரில் குற்றத் தடுப்புப் பிரிவு படும் பாடு வெளியிலிருப்பவர்களுக்குப் புரியாது. மேலிடம் மாதாமாதம், "எத்தனை பிடித்தீர்கள்?" என்று கேட்டது. "இல்லை" என்று எழுதினால், "உங்கள் பிரிவு எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும். ரகுநாத்துக்கு மனைவி மக்கள் இருந்தார்கள். ஆகவே அவர் தேடினார்.

புது மீட்டர்கள் எல்லாக் கணக்கையும் அலுவலகக் கணினிக்கு அனுப்பிவிடும். திடீரென்று இரவு பகலாகக் கரண்டு ஓடும் வீடு வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு நாள் கீரனூர்ப் பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. இரண்டு நாளில் அங்கே அணைந்து அறந்தாங்கிப் பக்கம் எரிந்தது. பிறகு இலுப்பூர். பிறகு திருமயம். ரகுநாத் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நடமாடும் கும்பல்!" என்றார்.

ஆள் அனுப்பி ஒரு புள்ளியைத் தூரத்திலிருந்து கவனிக்கச் சொன்னார். போனவர் எழுதிவந்த அறிக்கை இது: "மேற்படி வீட்டில் குளிரூட்டப்பட்ட இயந்திரம் ஒன்று ஓயாமல் இயங்குகிறது. அந்நியர்கள் கூட்டமாக வருகிறார்கள். செருப்பை வெளியே விட்டு உள்ளே சென்று, இயந்திரத்தைச் சற்று நேரம் உற்றுப்பார்த்துவிட்டு, யாருடனும் பேசாமல் வெளியேறுகிறார்கள். பலர் கண்கலங்கியிருப்பதால் முதலீட்டில் நஷ்டம் ஏற்பட்டிருக்கக்கூடும். 'எப்ப எடுக்குறாங்க?' என்று ஒருவர் கேட்க, 'துபாய்க்காரரு வந்துதான் எடுக்கணும்' என்று மற்றவர் பதிலளித்தார். வெளிநாட்டுத் தொடர்பு உறுதியாகிறது."

மறுநாளே படை அந்த வீட்டுக்குள் நுழைந்தது. மாலையும் ஊதுபத்தியுமாக இருந்த பெட்டியைப் பார்த்ததும் படையில் ஒருவர் தயங்கி, "சார், இது சாவு வீடு மாதிரி இருக்கு" என்றார்.

"மாதிரிதான் இருக்கும். பின்ன, போர்டு மாட்டிக்கிட்டா செய்வான்?" என்றார் ரகுநாத். கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு பெரியவர் கண்மூடிப் படுத்திருந்தார். வழக்கப்படி நெற்றியில் மஞ்சள் குழைத்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தார்கள். கடைசி நடைக்காக ஒட்டும் காசு. ரகுநாத் அதை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு படைக்கு ஒரு வாக்கியம் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்: "உற்பத்தியான நாணயம் ஒன்று, இயந்திரத்தினுள், காணப்பட்டது."

காசைக் கைப்பற்றத்தான் நினைத்தார். அந்த வீட்டுப் பெண்கள் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து, நாணயம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக முடிவுசெய்தார்.

ஜோஸை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் ஏசி அப்படி ஓடிக்கொண்டிருந்தது. ரகுநாத் ஸ்வெட்டர் போட்டிருந்தார். யாருமில்லாத பக்கத்து அறைகளிலும் விசிறிகள் சுற்றின. தன் பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுபோல ஜோஸுக்கு நடுங்கியது.

"இந்த மிஷின் கணக்குப் போடுமா?"

"போடாதுங்க சார். எத்தன டிகிரி கூலிங்குன்னு நம்பர் மட்டும் காட்டும்."

"நம்பர் காட்டுதுன்னா உள்ள எங்கயோ கணக்குப் போடுதுன்னுதானய்யா அர்த்தம்? போடாம எப்படிக் காட்டும்?"

ஜோஸ் குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"நடுவுல நிறுத்துவியா?"

"நிறுத்தக் கூடாதுங்க. கெட்டுரும்."

"எது? சரக்கா?"

"மனுசங்க சார்."

ரகுநாத் பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்காக இவ்வளவு கரண்டு?"

"தூரத்துல இருந்து பாக்க வாரவுங்களுக்காகங்க."

"பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட" என்றார் ரகுநாத். பிறகு எழுந்து, ஜன்னலோரம் போய் நின்று, ஒரே ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து பேசத் தொடங்கினார். "தம்பி, மின்சாரம் மக்களோட சொத்து. ஒரு யூனிட்ட மிச்சம் பண்ணினா ஒரு ஏழை வீட்டுல வெளக்கு எரியும். இத நெனச்சு நெனச்சு எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. வீட்டுல எல்லா ரூம்லயும் லைட்டப் போட்டுவிட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே யோசிக்கிறேன். ஏன்னா இருட்டுல எனக்கு யோசன ஓடாது. நாட்டுக்காக நான் செலவழிக்கிற கரண்டு யாருக்குத் தெரியும்? என் பில்லப் பாத்தா நீ அழுதுருவ."

"கஷ்டந்தாங்க சார்" என்றான் ஜோஸ். உண்மையாகவே அவனுக்குப் பாவமாக இருந்தது.

அந்த இரக்கத்தால் ரகுநாத் கொஞ்சம் இளகினார். பெட்டியைப் பறிமுதல் செய்யவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். இனிமேல் பெட்டி வைப்பதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும். மரணத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பாக விண்ணப்பிக்க வேண்டும்.

"சார், யாரு எப்பப் போவாங்கன்னு முன்னாடியே எப்படிங்க…"

"அது விண்ணப்பதாரரோட பொறுப்பு. எல்லாத்தையும் அரசாங்கமே செஞ்சுக்கிட்டிருக்க முடியுமா?"

கந்தர்வக்கோட்டைக்கு அப்பால், முந்திரிக்காட்டு ஓரத்தில் இருந்த கண்ணாத்தாள் விண்ணப்பிக்கவில்லை. ஒரு புதன்கிழமை, வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கத்திரி வெயில் காலம். மகள் அமுதவல்லி ஜோஸுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, எந்தம்பி கார்முகிலு குவைத்துல இருக்கான். வெள்ளிக்கெழமதான் வர முடியுமாம். எங்கப்பா செத்தப்பயும் அவனால வர முடியல. போன்லதான் மொகத்தக் காட்டுனோம். அதுலயும் சிக்னல் இல்ல, சுத்திக்கிட்டே நின்னுபோச்சு. ஆத்தாவயாச்சும் அவன் நேர்ல பாக்கணும்ணே."

ஜோஸ் நிபந்தனையை நினைத்தான். பிறகு, "அவரு வாரவரைக்கும் நான் பாத்துக்கிறேம்மா" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், படை வந்து இறங்கியது. கூடவே ஏணியோடு லைன்மேன் உடையப்பன். கூட்டிவந்த இடம் துக்க வீடு என்பது தெரிந்ததும் அவர் ஏணியை வேலிக்கு வெளியிலேயே சாய்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டு இணைப்பு யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார் ரகுநாத்.

"எங்காத்தா கண்ணாத்தா பேர்லங்க" என்றாள் அமுதவல்லி.

"கூப்புடுங்க அவங்கள."

"உள்ளதாங்க இருக்காங்க."

"உள்ள இருந்தா என்ன? நுகர்வோர் நேர்ல வந்து விளக்கம் சொல்லணும். வரச் சொல்லுங்க."

கேதத்துக்கு வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இருந்தப்பவே ஒருத்தர் சொல்லிக் கேக்க மாட்டா. இனிமே நீ சொல்லியா தம்பி வரப்போறா?" என்றார்.

'நுகர்வோர் ஒத்துழைக்க மறுப்பு' என்று படையிலிருந்த ஒருவர் எழுதிக்கொண்டார். ஆத்தா இறந்துபோனதை அமுதவல்லி விளக்கிச் சொன்ன பிறகு ரகுநாத் மேலும் தீவிரமானார். கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"புதன்கிழமை இறந்திருக்காங்க. வியாழக்கிழமை கரண்டு நாலு மடங்கு ஓடியிருக்கு. இத்தன வருசமா ஒரு பேனுகூடப் போடாம சிக்கனமா இருந்த அம்மா, செத்த பிறகு எதுக்குங்க இவ்வளவு செலவு பண்றாங்க? யாராவது எனக்குச் சொல்லுங்க."

கிழவர் வெற்றிலையைத் துப்ப எழுந்துபோனார்.

"நுகர்வோர் இல்லாம நுகர்வு நடக்கக் கூடாது. உடையப்பன், கட் பண்ணுங்க."

"சார்" என்று உடையப்பன் மெதுவாகச் சொன்னார், "மகன் மத்தியானம் திருச்சில எறங்குதாம். சாயங்காலம் வரைக்கும்…"

"நீங்க லைன்மேனா, சொந்தக்காரரா?"

உடையப்பன் ஏணியை எடுத்தார். பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டியின் ஓசை நின்றது. இரண்டு நாளாக வீட்டில் யாருமே கவனிக்காத ஓசை அது; நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒயரோடு ஓடிவந்தார். "எங்க வீட்டுல இருந்து இழுத்துக்கங்கம்மா." எதிர் வீட்டிலிருந்தும் ஒரு ஒயர் வந்தது. மூன்றாவது வீட்டுக்காரருக்கும் கண்ணாத்தாளுக்கும் வேலித் தகராறில் பேச்சு வார்த்தை கிடையாது. அவரும் ஒன்றைக் கொண்டுவந்து, பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார். இதைக் கண்ட ரகுநாத், கும்பல் தான் நினைத்ததைவிடப் பெரியது என்று புரிந்துகொண்டார். விசாரணை முடியும்வரை அந்தத் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். ஜெனரேட்டர், பேட்டரி, வேறு எந்த வகையிலும் குளிரூட்டும் ஏற்பாடு கண்டால் பெட்டியோடு பறிமுதல் என்றும் அறிவித்தார். பிறகு மணியைப் பார்த்துப் பதறி ஜீப்பில் ஏறினார். அன்று புதுக்கோட்டையில் அவருடைய பிரிவு நடத்தும் மின்சிக்கன விழிப்புணர்வுப் பெருவிழா.

பறிமுதலானாலும் ஆகட்டும் என்று ஜோஸ் ஜெனரேட்டருக்குப் போன் செய்தான். கந்தர்வக்கோட்டைக் கடைக்காரர், "இருந்த எல்லாத்தையும் காலைலயே ஏத்திட்டுப் போயிட்டாங்கய்யா" என்றார். "என்னமோ கரண்டு சிக்கன விழாவாம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீரியல் செட்டு, வாசல்ல அலங்கார வளைவு. அவ்வளவு லோடு லைன்ல தாங்காதாம்."

பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோக்கத் தொடங்கியது. அமுதவல்லி அதை வெளியிலிருந்தே முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "அண்ணே, தாங்குமாண்ணே?" என்றாள். இத்தனை வருடத் தொழிலில் ஜோஸ் எந்த வீட்டிலும் அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னதில்லை. "பொழுது சாயுறவரைக்கும் தாங்காதும்மா" என்றான். அவள் அழவில்லை. "அப்ப எடுத்துருவோமா? அவன் வந்து மண்ணத்தான் பாக்கணும்னு இருக்கு போல" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தான். எங்கே போவது என்று தெரியாமல், மாதாவே என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றான்.

அப்போது மீமிசலிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் லோடு ஆட்டோ ஒன்று, பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. ஜோஸ் நடு ரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா, சாகப் பாக்குறியா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மீன்காரி சொர்ணவல்லி. ஓட்டுநர் பக்கத்தில் முட்டியைக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மீன்தான், அவள் பிடித்த வாடகை ஆட்டோதான்.

ஜோஸ் விஷயத்தைச் சொன்னான். ஐஸ் வேண்டும் என்றான்.

"எவ்வளவு வேணும்?"

"இருக்கிறது பூராவும்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் தெர்மாகோல் பெட்டிகளில் நெத்திலியும் சங்கராவும் நொறுக்கிய ஐஸில் புதைந்து கிடந்தன. சந்தை கூடிக் கலைய இன்னும் நேரமிருந்தது. ஐஸ் இல்லாமல் இந்த வெயிலில் மீன் சந்தைக்குப் போனால் பாதி நாய்க்குத்தான்.

"அம்மாவப் பாக்கணும்னு கடலத் தாண்டி ஒரு புள்ள வருது" என்று யாரிடமோ முறையிடுவதுபோலச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். ஓட்டுநரிடம் திரும்பி, "என்னடா பாத்துக்கிட்டிருக்க? மீன அங்கிட்டு ஒதுக்கு. வாரி எடு" என்றாள். வீடுவரைக்கும் அவளே வந்து, முழங்கைவரை சேலையைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் பைகளில் ஐஸைக் கட்டிக்கட்டிக் கொடுத்தாள். ஜோஸும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கண்ணாத்தாளைச் சுற்றி, ஒரு குழந்தைக்குத் தலையணை அண்டக் கொடுப்பதுபோல, அந்தப் பைகளை அடுக்கினார்கள். பைகள் வெளியே தெரியாமல் ஒரு சேலையைப் போர்த்தி, நனைத்த சாக்குகளை மூடிமேல் போட்டார்கள், முகத்தை மட்டும் விட்டு.

"மீனு கவுச்சி அடிக்குமே தாயி, பரவாயில்லயா?" என்று சொர்ணவல்லி கூச்சத்தோடு கேட்டாள்.

அமுதவல்லி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்காத்தா மீனில்லாம சோறு எறங்காதவ. சந்தோசமாப் போவா."

ஜோஸ் பணத்தை எடுத்தான். சொர்ணவல்லி அவன் கையைத் தள்ளிவிட்டாள். "போய்யா. ஐஸு விக்கிறவளா நான்? மீன் விக்கிறவ." ஆட்டோ போன திசையில் அவள் குரல் கேட்டுக்கொண்டே போனது. "சங்கரா சங்கரா, இன்னிக்கு வந்த விலைக்குக் குடுக்குறேன், வாங்க வாங்க" என்று தெருவிலேயே கூவத் தொடங்கியிருந்தாள்.

மாலை நாலு மணிக்கு விழாவை முடித்துக்கொண்டு ரகுநாத், உடையப்பனையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். தோளில் பொன்னாடை இருந்தது. கண்ணாடியில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கரண்டே இல்லாம எப்படிச் சில்லுன்னு இருக்கு? திருட்டு லைன்! உடையப்பன், தேடுங்க!"

உடையப்பன் பெட்டிக்கு அருகில் மண்டியிட்டார். அடியில் மெல்லிசாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு மீன் செதில் பளபளத்தது. உடையப்பன் அதைப் பார்த்தார். ஓரமாக நின்ற ஜோஸைப் பார்த்தார். கையிலிருந்த துண்டை நழுவவிட்டதுபோல அந்த ஈரத்தின்மேல் போட்டார். எழுந்து, "லைன் எதுவும் இல்லீங்க சார்" என்றார்.

"அப்பறம் எப்படி?"

"நல்ல மனுசிங்க. ஒடம்பு குளுந்துதான் கெடக்கும்."

ரகுநாத் சந்தேகத்தோடு டேப்லெட்டில் எழுதத் தொடங்கினார். 'நுகர்வோரின் இயல்பான குளிர்ச்சி' என்பதுவரை எழுதியிருப்பார். வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. கார்முகில் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தான். கம்பெனிப் பெயர் போட்ட பனியன், கழற்ற மறந்த அடையாள அட்டை. ஜோஸ் மூடியைத் தூக்கிப் பிடித்தான். முகம் அப்படியே இருந்தது. வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்த முகம். அவன் குனிந்து கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டு, "ஆத்தா, வந்துட்டேன் ஆத்தா" என்றான்.

ரகுநாத் டேப்லெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு தோளிலிருந்த பொன்னாடையையும் எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. விதிகளில் அப்படி ஒன்றும் இல்லை. எடுக்கும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலிலேயே நின்றார்.

ஆனாலும் அறிக்கை என்று ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும். மாவட்டத்தின் முதல் நாணய உற்பத்தி மையம் வெற்றிகரமாக மூடப்பட்டதாகவும், வெளிநாட்டிலிருந்து வந்த நபர் அன்றே இயந்திரத்தின் உள்ளடக்கத்தை எடுத்துச் சென்று மண்ணில் புதைத்துவிட்டதாகவும், அதன்பின் அவ்வீட்டில் மின்நுகர்வு வெகுவாகக் குறைந்துள்ளதாகவும் எழுதினார்கள். மேலிடம் பாராட்டியது. பிரிவுக்கு இன்னொரு ஏசி கொடுத்தார்கள். கண்ணாத்தாள் வீட்டு இணைப்பைத் திரும்பக் கொடுப்பதற்கு, நுகர்வோர் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தாமல் உடையப்பன் ஒரு நாள் வந்து பீஸ் கட்டையை மாட்டிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் மீமிசல் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோனான் ஜோஸ். மறுநாள் விடிந்து நன்றாக வெளுத்தபின் பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், மீன் இறங்கும் இடத்தருகே அந்த லோடு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இல்லை. டீக்குப் போயிருப்பான். தூரத்தில் ஏலக்கூட்டத்தின் நடுவே சொர்ணவல்லியின் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே எழும்பியது. "அநியாயமாக் கேக்காத, வயித்துல அடிக்காத!" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவின் பின்புறம் தெர்மாகோல் பெட்டிகள் காலியாகத் திறந்து கிடந்தன.

ஜோஸ் ஐஸ் கம்பெனிக்குப் போனான். நொறுக்கிய ஐஸைக் கூடை கூடையாக வாங்கி, தோளில் சுமந்து வந்து, ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினான். நிரம்பியதன்மேல் இன்னும் ஒரு வாரு வாரிப்போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, மூடியை வைத்து, பறந்துவிடாமல் சாக்கைப் போர்த்தினான். சட்டை தோளெல்லாம் நனைந்து குளிர்ந்தது. ஏலம் இன்னும் முடியவில்லை. அவள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, சத்தம் கேட்காதபடி வண்டியைச் சரிவில் உருட்டிக்கொண்டுபோய்க் கொஞ்சம் தள்ளி ஸ்டார்ட் செய்தான்.